ஐந்தரை மணிப் பேருந்தும் எடுத்துவிட்ட வரைபடமும்

மாணவர் இயக்கங்களின் இணையப் பக்கங்களைக் கவனித்துக்கொள்ளப் புதிதாக முன்வந்திருக்கும் உங்களுக்காகச் சில தொழில்நுட்பக் குறிப்புகளை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். ஒரே நேரத்தில் ஏராளமானோர் உள்ளே வந்தால் சர்வர் தாங்குமா, போலிக் கையெழுத்துகளை எப்படிக் கண்டுபிடிப்பது, பக்கத்தை யாரேனும் முடக்க முயன்றால் என்ன செய்வது என்று ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தீர்கள். அவற்றுக்கான விடைகள் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாதவற்றை ஒரே மாலையில் படித்துக்கொள்வீர்கள்.

ஒரு கல்லூரியின் கணினி மையத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இயந்திரங்கள் செய்த பிழைகளை எண்ணி நான் வருந்தியது குறைவு. ஆனால், எல்லாவற்றையும் சரியாகச் செய்து முடித்துவிட்டோம் என்று நாங்கள் மகிழ்ந்திருந்த வேளையில், அந்தச் சரியான வேலையாலேயே ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோகவிருந்தது. அந்த இரண்டு நாட்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் கோரிக்கை எளிமையானது. மதுரையிலிருந்து அழகர்கோவில் சாலை வழியாகப் போய், பாதி வழியில் கிளைச்சாலையில் திரும்பி, சிற்றூர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லும் ஐந்தரை மணிப் பேருந்து ஒன்று இருந்தது. ஒரு கல்வியாண்டின் தொடக்கத்தில் அது நின்றுபோனது. ஏன் நின்றது என்ற வாதம் இங்கே தேவையில்லை. ஆய்வக வகுப்புகள் ஐந்து மணிக்கு முடியும். அடுத்த பேருந்து ஆறேமுக்காலுக்கு. அதுவும் கிளைச்சாலைக்குள் திரும்பாது. சாலை பிரியும் விலக்கில் இறக்கிவிட்டு நேரே போய்விடும். அங்கிருந்து இருட்டில் நடக்க வேண்டும். ஆகவே அந்த ஊர்களின் பெண்கள் முந்தைய பேருந்தைப் பிடிக்க நான்கு மணிக்கே ஆய்வகத்தை விட்டு ஓடினார்கள். ஓடி ஓடிச் சலித்த சிலர் கல்லூரியையே விட்டார்கள்.

நான் ஓய்வு பெற்ற மறுமாதம் நஸ்ரின் என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் கல்லூரியின் பொருளியல் மாணவி, நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், அந்தப் பேருந்தில் ஒரு முறைகூட ஏறியிராதவள்.

"மேடம், ரிட்டயர் ஆனா போரடிக்கும்னு சொல்றாங்க. போரடிக்காத வேலை ஒண்ணு எங்கிட்ட இருக்கு. சம்பளம் மட்டும்தான் கிடையாது."

"வேறு என்ன கிடைக்கும்?"

"டீ கிடைக்கும். பாண்டி வீட்டு வடையும் கிடைக்கும். மத்தபடி திட்டுதான்."

பாண்டி என்று அவள் சொன்னது முத்துப்பாண்டியை. கணினி அறிவியல் இறுதி ஆண்டு. அவனியாபுரத்தில் அவனுடைய தந்தை லேத் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்கு மேலிருந்த அறைதான் எங்கள் அலுவலகம். கீழே இரும்பு கடையும் ஓசை ஓயாது. விமான நிலையம் பக்கம் என்பதால், விமானம் தாழ்ந்து போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம். அந்த அறையில் நான் கற்றுக்கொண்ட முதல் ஒழுங்கு அதுதான்: இரைச்சல் கடக்கும் வரை பேசாதிருப்பது.

மலிவான கைபேசியிலும் பலவீனமான சிக்னலிலும் திறக்கக்கூடிய ஒரு பக்கத்தை அமைத்தோம். படங்களை உதறினேன், எழுத்துருவைச் சுருக்கினேன். மலையடிவாரத்தில் நின்று ஒருத்தி கையெழுத்திட்டால் அது நொடியில் வந்து சேர்ந்தது. எனக்கு அதில் பெருமை இருந்தது. அந்தப் பெருமையை இன்றும் நான் மறுக்கவில்லை.

அதைவிடப் பெரிய பெருமை வரைபடம். அது முத்துப்பாண்டியின் யோசனை. கையெழுத்திடும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளியைத் தொட்டால், பேருந்து நின்றதால் தனக்கு என்ன ஆயிற்று என்று அவர் எழுதிய நான்கு வரிகள் விரியும். அடியில் அவருடைய பாடமும் ஆண்டும் இருக்கும். முதலில் அஞ்சல் எண்ணை வைத்துப் புள்ளியிட்டோம். ஏழெட்டு ஊர்களும் ஒரே இடத்தில் குவிந்துவிட்டன.

"மேடம், அம்புட்டுப் பேரும் ஒரே புள்ளிக்குள்ள நெருக்கியடிச்சு உக்காந்திருக்காங்க. பாக்குறவங்களுக்கு ஒத்த ஊரு பிரச்சினை மாதிரி தெரியுது" என்றான்.

ஊர்ப் பெயருக்கு ஒரு கட்டம், தெருப் பெயருக்கு ஒரு கட்டம் என்று கையெழுத்துப் படிவத்தில் இரண்டைச் சேர்த்தான். என்னிடம் காட்டினான். நான் சரி என்றேன். பெயரும் தொலைபேசி எண்ணும் எக்காரணம் கொண்டும் வெளியே தெரியக்கூடாது என்று கட்டளையிட்டு, அவை கசிகின்றனவா என்று மூன்று முறை சோதித்தேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. புள்ளிகள் கிளைச்சாலை நெடுகப் பூத்துக் கிடந்ததைப் பார்த்தபடி நாங்கள் மூவரும் அமர்ந்திருந்தது நினைவிருக்கிறது. நின்றுபோன பேருந்தின் தடம் அப்படியே திரையில் தெரிந்தது.

பக்கம் பரவியது. போக்குவரத்து அதிகாரி ஒருவர் மாணவர் குழுவைச் சந்திக்க இசைந்து, மறுநாள் காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னார். வரைபடத்தின் இணைப்பை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி அவருடைய உதவியாளர் கேட்டிருந்தார்; அனுப்பியிருந்தோம்.

அந்தச் சந்திப்புக்கு முந்தைய நாள் காலை பத்து மணி இருக்கும். நஸ்ரினின் கைபேசிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சில சொற்கள் கேட்டதும் அவள் முகம் மாறியது. எங்களுக்கும் கேட்கும்படி கைபேசியை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, நான் எழுதுனதைப் பூராம் டீக்கடையில சத்தமா வாசிச்சிட்டாங்க. எங்கப்பா டீ குடிச்சுக்கிட்டு நின்னிருக்காரு."

குரல் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்று பேசும் குரல். அவளைக் காளீஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். வேதியியல் இரண்டாம் ஆண்டு. ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை.

"அதுல உன் பேரே இல்லையேம்மா" என்றாள் நஸ்ரின்.

"எங்க காலனியில காலேஜுக்குப் போறது நான் ஒருத்திதேன், அக்கா."

கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது.

"என் போனை வாங்கி வச்சுக்கிட்டாரு. இது சித்தி மக போனு. இனிமே காலேஜுக்குப் போக வேணாம்னு சொல்லிட்டாரு. என் புள்ளிய மட்டும் எடுத்துவிட்ருங்க, அக்கா. அதை எடுத்துட்டா நான் எப்படியாச்சும் பேசிப் பாத்துக்கிறேன்."

அவள் எழுதியிருந்தது இதுதான்: விலக்கிலிருந்து நடந்து வரும்போது டீக்கடையைத் தலை குனிந்தபடி கடப்பேன், அங்கே நிற்பவர்கள் என்ன சொல்வார்கள் என்பது எனக்கு மனப்பாடம், வீட்டில் சொன்னதில்லை, சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். அந்த டீக்கடையிலேயே, அதைச் சொல்பவர்களில் ஒருவனே, அவளுடைய புள்ளியைத் தொட்டுப் படித்துக் காட்டியிருக்கிறான்.

எங்கள் பக்கத்து ஊர்களில் ஊர்ப் பெயர் ஊரை மட்டும்தான் சொல்லும். தெருப் பெயர் ஆளைச் சொல்லும். அவர் எந்தச் சாதி, அவருடைய பாட்டன் யாருடைய வயலில் நாற்று முடி சுமந்தார் என்பது வரை சொல்லும். இது தெரியாதவள் அல்ல நான். நகருக்கு மேற்கே, பல தலைமுறைகளாக நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். என் தெருப் பெயரைக் கேட்டவுடன் எதிரில் இருப்பவர் முகம் மலர்வதைத்தான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லும் முன் ஒரு நொடி தயங்க வேண்டிய தேவை எனக்கு வாழ்நாளில் வந்ததே இல்லை. அதனால்தான் அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது என் கண்ணுக்கு அது வெறும் கட்டமாகவே தெரிந்தது. பெயரை மறைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். பெயரைவிடத் தெளிவாக ஆளைக் காட்டும் ஒன்றைத் திரையின் நடுவே சிவப்பில் ஒட்டிவைத்திருந்தேன்.

முத்துப்பாண்டி விசைப்பலகையில் கை வைத்துவிட்டான். "ஒரு நிமிசம் மேடம், எடுத்துர்றேன்."

"பொறு" என்றேன்.

பணியில் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. மதிப்பெண் பட்டியல் அச்சாகிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு வரி தள்ளிப்போய், ஒருவருடைய மதிப்பெண் அடுத்தவர் பெயருக்கு எதிரே விழத் தொடங்கியது. நிரல் என்னுடையதா, தரவு இன்னொருவருடையதா என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கையில், அச்சு இயந்திரத்தை இயக்கிய பெண் எழுந்து வந்து மின்சாரத்தையே நிறுத்தினாள். "முதல்ல நிக்கட்டும். யாரு தப்புன்னு பேசுறதுக்கு ஆயுசு கெடக்கு" என்று சொல்லிவிட்டு மீண்டும் போய் அமர்ந்துகொண்டாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். என் பணிக்காலம் முழுவதற்கும் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

"எல்லாப் புள்ளிகளையும் எடு" என்றேன்.

அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தான். "மேடம், அந்தப் புள்ள தன்னோடதை மட்டும்தான எடுக்கச் சொல்லுது?"

"நேற்று இருந்த புள்ளி இன்று இல்லையென்றால், எழுதியது அவள்தான் என்று நாமே கையொப்பம் இட்டுத் தருவதுபோல ஆகும். ஒன்று மட்டும் காணாமல் போனால் அந்த வெற்றிடம் பேசும். எல்லாம் போனால் எதுவும் பேசாது."

"நாளைக்குப் பதினோரு மணிக்கு மீட்டிங்கு. மேப் இல்லாட்டி நம்மகிட்ட வேற என்ன இருக்கு மேடம்? நாலு பேர் போயி நின்னு பஸ் விடுங்க பஸ் விடுங்கன்னு கத்தவா?" அவன் குரல் உயர்ந்தது. "மூணு வாரம் தூங்காம செஞ்சிருக்கேன்."

"பாண்டி, அந்தப் புள்ளைக்கு நாளைக்குக் காலேஜே இல்லைங்குறேன். நீ மூணு வாரத்தைச் சொல்ற" என்றாள் நஸ்ரின்.

"அவளுக்காகத்தான பஸ்ஸே கேக்குறோம்?"

அந்தக் கேள்வியை நீங்களும் ஒருநாள் கேட்பீர்கள். யாருக்காகச் செய்கிறோமோ அவரையே கடந்து செயலைக் காப்பாற்றத் துடிக்கும் கணம் எல்லா இயக்கங்களிலும் வரும். கேட்பவர் கெட்டவர் அல்லர். தன் உழைப்பை நேசிப்பவர், அவ்வளவுதான். அவனைக் கடிந்துகொள்ளாமல் ஒன்றை மட்டும் கேட்டேன். "இதுபோல ஒரு தெருவில் ஒருவர் மட்டுமே இருக்கும் புள்ளிகள் இன்னும் எத்தனை என்று உன்னால் சொல்ல முடியுமா?"

அவன் தேடினான். திரையில் வந்த பட்டியலை உருட்டினான். அது நீண்டுகொண்டே போனது. பாதியில் நிறுத்திவிட்டு, வரைபடத்தையே எடுத்துவிட்டான். கிளைச்சாலை மறுபடி வெறும் கோடாயிற்று. பழைய நகல்கள் வேறெங்கும் தங்கிவிடாமல் துடைக்கும் வேலையை நான் பார்த்துக்கொண்டேன்.

வரைபடம் இருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று அடுத்த வாதம். பராமரிப்புப் பணி நடைபெறுகிறது என்று போட்டுவிடலாம் என்றாள் நஸ்ரின். எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள் என்றாள். நான் ஒப்பவில்லை. நாங்கள் எழுதியது: "இந்த வரைபடத்துக்காக, கேட்கக்கூடாத ஒரு விவரத்தைக் கேட்டுவிட்டோம். கையெழுத்திட்ட ஒவ்வொருவரிடமும் பேசி, அவர் சம்மதித்த பிறகே இது திரும்ப வரும். தவறு எங்களுடையது." அடியில் என் பெயரைப் போட்டேன். மறைக்க வேண்டியது அவர்களுடைய விவரத்தை. நம் தவறை அல்ல.

காளீஸ்வரியின் வீட்டுக்கு நேரே போய் அவளுடைய தந்தையிடம் பேசிவிடலாம் என்று செருப்பை மாட்டினேன். நஸ்ரின் வாசலை மறித்தாள்.

"மேடம், நீங்க கார்ல போய் அந்தக் காலனி முன்னாடி இறங்குனா, அதுவே இன்னொரு புள்ளி."

இருபது வயதுப் பெண் சொன்னாள். செருப்பைக் கழற்றினேன். அந்த இரண்டு நாட்களில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று, அவள் எனக்காக எடுத்தது.

சித்தி மகளின் கைபேசிக்கு நஸ்ரின் ஒரே ஒரு முறை அழைத்தாள்.

"எடுத்தாச்சும்மா. எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா? என்னால அம்புட்டுப் பேர் புள்ளியும் போச்சா? மேப்பு போட்ட அண்ணே திட்ட மாட்டாரா?"

முத்துப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "திட்ட மாட்டேன்னு சொல்லு."

பிறகு உட்கார்ந்து அழைக்கத் தொடங்கினோம். கையெழுத்திட்ட ஒவ்வொருவரையும். நஸ்ரின் வகுப்புத் தோழிகள் சிலரை வரவழைத்தாள். படிக்கட்டிலும் மொட்டை மாடியிலும் ஆளுக்கொரு மூலையில் அமர்ந்து, ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: நீங்கள் எழுதியதை வெளியிடலாமா, வெளியிட்டால் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது?

ஒருவன், "என் பேரு, ஊரு, போட்டோ அம்புட்டையும் போடுங்க. பொண்ணு பாக்கப் போறப்பக் காட்டிக்கிறேன்" என்றான். ஒருத்தி கேள்வி முடிவதற்குள், "வேண்டவே வேண்டாம்" என்று வைத்துவிட்டாள். எத்தனை பேர் அதைச் சொல்லக் காத்திருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஓர் எண்ணில் ஓர் அம்மா எடுத்தார்.

"எம்மகளுக்கு எதுக்கு போன் பண்றீக? யாரு நீங்க?"

"அத்தை, பிளேன் போகட்டும்" என்று நஸ்ரின் கத்தினாள். விமானம் கடந்தது. "அத்தை, அந்த அஞ்சரை பஸ் விஷயமா..."

"அஞ்சரை பஸ்ஸா? நானும் அதுலதேன் பூ வித்துட்டு வருவேன். அது நின்னதுலேர்ந்து பூவுல பாதி வாடிப்போகுது. காலேஜுப் பிள்ளைகளுக்கு மட்டுந்தேன் பஸ்ஸா? என்னையும் எழுதிக்கம்மா."

மாணவர் கோரிக்கை என்று நாங்கள் நினைத்திருந்தது எவ்வளவு குறுகலானது என்பதை வரைபடம் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தத் தொலைபேசி அழைப்புகள் சொல்லின.

மதியத்துக்கு மேல், வடையை வாயில் வைத்தபடி முத்துப்பாண்டி திடீரென்று எழுந்தான்.

"மேடம், பஸ் என்ன வீட்டு வாசலுக்கா வருது?"

"இல்லை."

"ஸ்டாப்புக்குத்தான வருது? அப்புறம் புள்ளி எதுக்கு வீட்டுல?"

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குத் தேவைப்பட்டது, எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் இறங்குவார்கள் என்பது மட்டும். ஒரு நிறுத்தத்தில் ஊரும் காலனியும் பூக்காரரும் ஒன்றாகத்தான் இறங்குவார்கள். யார் எந்தத் தெருவுக்குத் திரும்பி நடக்கிறார் என்பது எங்களுக்கு எந்நாளும் தேவைப்படவில்லை. தேவையில்லாத ஒன்றைக் கேட்டுவிட்டு, பிறகு அதைப் பாதுகாக்க முப்பது ஆண்டு அனுபவத்தைச் செலவழித்திருக்கிறேன். முத்துப்பாண்டி அன்று சொன்னதைவிடப் பயனுள்ள தொழில்நுட்பக் குறிப்பு என்னிடம் இல்லை. அதைச் சொல்லிய வாயில் வடை இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரியாக ஐந்தரை மணிக்கு, இல்லாமற்போன பேருந்தின் நேரத்துக்கு, அந்த அழைப்பு வந்தது. ஆண் குரல்.

"அந்தப் பக்கத்தைப் பாக்குறவங்க யாரு?"

நஸ்ரின் கைபேசியை என்னிடம் நீட்டினாள். நான் என் பெயரைச் சொன்னேன். அவர் தன் மகளின் பெயரைச் சொன்னார். கட்டட வேலைக்குப் போகிறவர். வேலையிடத்திலிருந்து பேசுகிறார் என்று பின்னணி ஓசையில் தெரிந்தது.

"எம்மகள ரோட்டுல கேலி பேசுறாங்கன்னு எனக்கு ஊரான் போனைப் பாத்துத்தேன் தெரியணுமாம்மா?"

அவருடைய கோபம் மகள்மேல் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். எங்கள்மேல்கூட அது முழுவதும் இல்லை. மகள் தன்னிடம் சொல்லாமல் சுமந்ததை, சுமக்க வைத்தவன் வாயாலேயே கேட்க நேர்ந்த அவமானம் அது. நோக்கம் நல்லது, பெயரை மறைத்திருந்தோம், மூன்று முறை சோதித்தோம் என்று சொல்லலாம். அவை எல்லாம் உண்மை. ஒன்றைக்கூட அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

"தப்பு என்னுடையது. அவளிடம் கேட்காமல் போட்டுவிட்டோம்" என்றேன்.

"எல்லாருதையும் எடுத்துட்டீகளாம்ல. அவ சொன்னா."

"எடுத்துவிட்டோம்."

"அவளுக்காகவா?"

"ஆமாம்."

கலவை இயந்திரம் சுற்றும் ஓசை கேட்டது. பிறகு, "நாளைக்கு ஆபீசரைப் பாக்குறது எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

மறுநாள் பதினொரு மணிக்கு அந்த அலுவலக அறையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தோம். அதிகாரி நிதானமானவர். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, முதல் கேள்வியாக அதையே கேட்டார்.

"நேற்றுக் காலையில் ஒரு வரைபடம் பார்த்தேன். நன்றாக இருந்தது. இப்போது காணோமே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முத்துப்பாண்டி முந்திக்கொண்டான். "நான்தான் சார் செஞ்சேன். நான்தான் எடுத்தேன். எழுதுனவங்களைக் கேக்காமப் போட்டுட்டோம், சார்."

அவன் என் பெயரை இழுக்கவில்லை. நான் சரி என்று சொன்னதைச் சொல்லவில்லை. அதை நானே சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

"அப்படியானால், எந்த ஊர்களுக்கு இது தேவை என்று நான் எதை வைத்து முடிவு செய்வது?" என்றார் அதிகாரி. ஏளனமாகச் சொல்லவில்லை, நியாயமான கேள்வி.

எங்களிடம் நிறுத்தம் வாரியாகக் கையால் எழுதிய ஒரு தாள் இருந்தது. முந்தைய நாள் முடிந்தவரை பேசிச் சேர்த்தது; பாதிதான் நிறைந்திருந்தது. நஸ்ரின் அதை எடுப்பதற்குள் கதவருகிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் சொல்றேன் சார்."

காளீஸ்வரியை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மெலிந்த, நேராக நிற்கும் பெண். அவளுக்குப் பின்னால், சட்டைக் கையில் சிமென்ட் கறையோடு ஒருவர் நின்றார். மொபெட்டில் அழைத்து வந்திருக்கிறார். உள்ளே வரவில்லை, கதவு மூடிவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் தன் பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். காலனியைச் சொன்னாள், அதைச் சொல்லும்போது குரல் தாழவில்லை. பிறகு பேருந்தை நிறுத்தம் நிறுத்தமாகச் சொன்னாள். விலக்கில் இறங்கினால் எங்கே விளக்கு இல்லை, எந்த இடத்தில் நாய்கள் நிற்கும், மழை பெய்தால் எந்தத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறும், டீக்கடையைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும். டீக்கடையைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. அவள் முடித்ததும் இன்னொருத்தி தன் ஊரைச் சொன்னாள். அவளுக்குப் பின் இன்னொருத்தி. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

நாங்கள் மூன்று வாரம் உழைத்து வரைந்த படம் அந்த அறையில் வேறு விதமாக எழும்பியது. இம்முறை ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு உரியவளே வைத்தாள்.

பேருந்து உடனே வரவில்லை. ஆய்வு நடந்தது, கடிதங்கள் போயின, நஸ்ரின் அலைந்தாள். சில மாதங்களுக்குப் பிறகு, சோதனை ஓட்டமாகத் தொடங்கி நிலைத்தது. நேரம் மட்டும் கால் மணி தள்ளி, ஐந்தே முக்கால் ஆயிற்று. முதல் நாள் மாலை முத்துப்பாண்டி அதில் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டு, திரும்பி வர வண்டி இல்லாமல் என்னைக் கூப்பிட்டான். நஸ்ரின் அவனை இன்றுவரை விடவில்லை: "மாப்ளைக்கு இப்பத்தான் பிரச்சினையே புரிஞ்சிருக்கு மேடம்."

வரைபடமும் திரும்ப வந்தது, நிறுத்தங்களில் மட்டும் புள்ளிகளோடு. பார்ப்பதற்கு முதல் வரைபடத்தின் அழகு அதற்கு இல்லை. என் பணிவாழ்வில் நான் பங்கேற்ற வேலைகளில் எதை நினைத்துப் பெருமைப்படுகிறாய் என்று யாரேனும் கேட்டால், அந்த அழகில்லாத வரைபடத்தைத்தான் காட்டுவேன். அதில் இருந்த ஒவ்வொருவரிடமும் கேட்டிருந்தோம்.

இதை உங்களுக்கு எழுதத் தொடங்கும் முன் காளீஸ்வரியை அழைத்தேன். பட்டம் முடித்து, இப்போது ஒரு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். உன் கதையை எழுதலாமா என்று கேட்டேன். சற்று யோசித்தாள்.

"எழுதுங்க மேடம். பேரை மாத்திருங்க. ஊரு வேணாம்."

"அன்று அந்த அறையில் எல்லாவற்றையும் நீயே சொன்னாயே?"

"அது அந்த ரூம்ல இருந்தவங்களுக்குச் சொன்னது மேடம். மொகத்தைப் பாத்துச் சொன்னேன். இது யாரு படிப்பாங்க, என்னைக்குப் படிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுல்ல?"

இத்தனை ஆண்டுகள் இந்தத் துறையில் இருந்தும், பொதுவில் சொல்வதற்கும் இணையத்தில் போடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு சுருக்கமாக என்னால் சொல்ல முடிந்ததில்லை. வேறு எதுவும் மாற்ற வேண்டுமா என்று கேட்டேன்.

"மாத்த வேணாம். ஒண்ணு மட்டும் சேக்கணும். அப்பா கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னாருல்ல, அதை மறக்காம எழுதுங்க."

எழுதிவிட்டேன், காளீஸ்வரி.